மூன்றாம் தரப்பு ஆட்சேபணை

ஜூலை 3, புதன்

மிக்ஸி காலையிலேயே நின்றுவிட்டது. பாதி அரைந்த தேங்காயை அப்படியே தாளித்து, சட்டினி என்று பெயர் வைத்துப் பரிமாறினேன். அத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு பேங்குக்குப் போனார். கோமதிதான், "இது சட்டினியாம்மா, தேங்காய்ப் பொரியலா?" என்று கேட்டுவிட்டு டியூஷனுக்குக் கிளம்பினாள்.

பதினொரு மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் என்னைப் பற்றிய விவரங்களை ஒருவர் கேட்டிருக்கிறாராம். நான் 'மூன்றாம் தரப்பினர்' ஆகையால், விவரம் தருவதில் ஆட்சேபணை உண்டா, இல்லையா என்று பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். பின்னால் மனுவின் நகல். 2010 முதல் நியமிக்கப்பட்ட உதவிப் பேராசிரியர்கள், அந்தந்தக் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தவர்கள், எல்லாருடைய தகுதி, முன் அனுபவம், அனுபவம் பெற்ற கல்லூரி, தலைப்புவாரியாக மதிப்பெண். நோக்கம், முனைவர் பட்ட ஆய்வு. மனுதாரர், மு. முப்பிடாதி, பொருளியல் துறை.

முப்பிடாதி என் மாணவி. நான்தான் நெறியாளர். "நாலு பேரைப் பேட்டி எடுத்துக் கதை எழுதாத, தரவு கேட்டு வாங்கு, அதுக்குத்தான் சட்டம் இருக்கு" என்று போன மாதம் மேசையைத் தட்டிச் சொன்னதும் நான்தான். மனுவோடு இணைத்திருக்கும் பரிந்துரைக் கடிதத்தில் என் கையெழுத்துத் தெளிவாக இருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஆனால் நான் 2015க்குப் பிறகு என்றல்லவா சொல்லியிருந்தேன்?

ஜூலை 4, வியாழன்

முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏட்டி, 2015ன்னுதானே சொன்னேன்? 2010க்கு யாரு போகச் சொன்னா?"

"பதினஞ்சுக்கு அப்புறம் எடுத்தா ஆளு பத்தாது மேடம். இருபத்திமூணு பேருதான் வாராங்க. ரிசல்ட்டே நிக்காது. அதான் பின்னால போனேன். ஒங்ககிட்ட காட்டித்தான் மேடம் கையெழுத்து வாங்குனேன்."

காட்டினாள்தான். தேர்வுத் தாள் திருத்திக்கொண்டே, எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டேன். எந்த நெறியாளர்தான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்? அவளைத் திட்ட வாய் வரவில்லை. இந்தப் பெண்ணிடம் ஒரு கெட்ட பழக்கம், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவாள்.

"ஏன் மேடம், தப்பாயிட்டா?" என்று கேட்டாள்.

"தப்பில்ல. ஆனா ஆளுக ஒத்துக்கிட மாட்டாங்க. ரொம்ப எதிர்பார்க்காத."

"மடியில கனம் இருந்தாத்தானே மேடம் வழியில பயம். ஒங்களை மாதிரி ஆளுக எழுதிக் குடுத்துருவாங்கள்லா?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

எனக்கு என்ன பயம்? பிஎச்டி முடித்தேன், 2008லிருந்து 2011வரை கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன், 2012இல் இங்கே நேர்காணலுக்கு வந்தேன், தேர்வானேன். சான்றிதழ் எல்லாம் கோப்பில் இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

மதியம் ஞானசிகாமணி சாரோடு சாப்பாடு. அவர் எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். 'கௌரவம்' பெயரில்தான். வருடாவருடம் ஜூனில் சேர்த்து ஏப்ரலில் நிறுத்திவிடுவார்கள். உட்கார நாற்காலிகூடத் தரமாட்டார்கள். என் அறையில் ஒரு மேசையையும் பாதி அலமாரியையும் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். பத்து வருடமாக இங்கேதான் சாப்பிடுகிறார். நல்ல மனிதர், சிரிக்காமல் ஜோக்கடிப்பார். முதுகலைப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க என் அறைக்கு வந்தால் அது அவரைப் பார்க்கத்தான், என்னை அல்ல.

"எனக்கும் அந்தக் கடுதாசி வந்துது மேடம்" என்றார், இட்லியைப் பொடியில் புரட்டிக்கொண்டே.

"ஒங்களுக்கு எதுக்கு சார்?"

"காத்திருப்போர் பட்டியல்ல இருந்தேன்லா. அன்னைக்கே 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். பிள்ளை படிப்புக்குக் கேக்கா. குடுக்காம என்ன செய்ய?"

எந்த வருடத்துப் பட்டியல் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் கத்தரிக்காய்ப் பொரியலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஜூலை 8, திங்கள்

அத்தானிடம் சொன்னேன். டிவியை நிறுத்தினார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் பேசுவதற்காக அவர் டிவியை நிறுத்தியது இது மூன்றாவது தடவை.

"ஆட்சேபணைன்னு எழுதிக் குடுத்துட்டு வா வடிவு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எம்புள்ளை ஆய்வு அத்தான் அது."

"ஒம்புள்ளை ஒருத்திதான். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டுல பேரு இருக்கு, கோமதின்னு. மத்ததெல்லாம் ஊரான் பிள்ளை. அந்தக் காலேஜ் விஷயத்தை யாரும் தோண்டுனா மாமா பேரும்லா சேர்ந்து வரும்? மனுஷன் செத்து ஏழு வருஷமாச்சு."

'அந்தக் காலேஜ் விஷயம்' என்கிறார். அந்தக் கல்லூரித் தாளாளரோடு அவருடைய மாமாவுக்கு நல்ல பழக்கம், அவ்வளவுதான். சிபாரிசில் வேலைக்குச் சேராதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்?

மிக்ஸி சரிசெய்து வந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

கோமதிக்கு இன்று பதினாறு முடிந்தது. பாயசம் வைத்தேன். இவள் பிறந்தபோது பட்ட பாடு யாருக்குத் தெரியும்? ஏழு மாதத்திலேயே பிறந்து, மூன்று வயதுவரை சளியும் இழுப்புமாக, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி. அந்த மூன்று வருடமும் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதற்கும் நான் வாசலைத் தாண்டியதே இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்க நேரமில்லை. படித்த படிப்பெல்லாம் வீணாகிறதே என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். கோமதியிடம் சொன்னால், "போதும்மா, பர்த்டே அன்னைக்குமா" என்கிறாள்.

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

ஜூலை 11, வியாழன்

ஆசிரியர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஆட்சேபணை கொடுத்தால் நல்லதாம், மாதிரிக் கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டுமாம். "மேடத்துக்கு நல்ல தமிழு வரும். அதோட ஒங்க ஸ்டூடண்ட்லா கேட்டிருக்கா. நீங்களே எழுதுனீங்கன்னா யாரும் பேச முடியாது பாருங்க" என்றார் ஒருவர்.

எழுதிக் கொடுத்தேன். 'எனது தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதால் பொதுநலன் எதுவும் விளையாது எனவும், அது எனது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் எனவும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அழகான வாக்கியம். சாயங்காலத்துக்குள் நகலெடுத்து எல்லாத் துறைக்கும் போய்விட்டது.

ஜூலை 12, வெள்ளி

நானும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

முப்பிடாதிக்குப் பதில் வந்துவிட்டது. 'மூன்றாம் தரப்பினர் ஆட்சேபித்துள்ளதால் விவரம் அளிக்க இயலாது.' ஒரு பக்கக் கடிதத்தை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. அம்மா சுற்றும் பீடியில் படித்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் பள்ளிவிட்டு வந்து சுற்றியிருக்கிறாள். ஆய்வுப் பதிவு வருகிற மார்ச்சோடு முடிகிறது, ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று. இந்தத் தரவு இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை.

"மேல்முறையீடு போடலாமாம் மேடம். முப்பது நாளுக்குள்ள போடணும். நீங்க எப்பிடி எழுதணும்னு சொல்லித் தந்தீங்கன்னா..."

"எழுதிக்கொண்டு வா. நான் திருத்தித் தாரேன். நான் பாக்காம அனுப்பிராத" என்றேன்.

என் ஆட்சேபணைக்கு எதிரான மனுவை நானே திருத்தவேண்டும். நல்ல கூத்து.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேல்முறையீட்டு வரைவு வந்துவிட்டது. நாலு பக்கம். நான் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அந்த 'அழகான வாக்கிய'த்தை, பதில் கடிதத்தில் மேற்கோளாக வந்திருந்ததிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டு, வரிவரியாக உடைத்திருக்கிறாள். பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் பதவிக்கு எந்தத் தகுதியில் தேர்வானார் என்பது எப்படி அந்தரங்கமாகும் என்று கேட்டிருக்கிறாள். பதிலே சொல்ல முடியாது. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே வாதம் பண்ணியிருக்கிறாள்.

சிவப்பு மையால் திருத்த ஒரு கமாகூட இல்லை. "வச்சிட்டுப் போ, பொறுமையாப் பாக்கணும்" என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேசை இழுப்பறையில் இருக்கிறது. முப்பிடாதி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள். "செமினார் வேலை முடியட்டும்" என்றேன். இவர்கள் யாரும் நெறியாளர் கையெழுத்தில்லாமல் ஒரு கடுதாசியைக்கூடப் பெட்டியில் போடமாட்டார்கள். அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். சட்டப்படி அவள் இந்த நாட்டின் குடிமகள், தானே அனுப்பலாம். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "மேடம், நாளையோட முப்பது நாளு."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு வா."

ஞானசிகாமணி சார் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தற்செயல் விடுப்பு எடுத்தேன். காய்ச்சல் என்று துறைக்குச் சொல்லிவிட்டு, போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்தேன். பரண் முழுவதையும் ஒழித்தேன், பழைய பித்தளையெல்லாம் புளிபோட்டு விளக்கினேன். அத்தான் வந்து பார்த்து, "பொங்கல் முன்னாலயே வந்துட்டோ?" என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

இந்த மாதிரி ஒரு காரியத்தை என் ஆசிரியர் எனக்குச் செய்திருந்தால் அவர் மூஞ்சியில் காறித் துப்பியிருப்பேன். துப்பட்டும். யாராவது துப்பட்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

துப்பவில்லை. "தப்பு என்னோடதுதான் மேடம்" என்கிறாள். "ஒங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து வாங்கிருக்கணும். தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன். இப்ப எப்பிடி இருக்கு மேடம்?"

ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட சுக்கும் கருப்பட்டியும்.

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காரணத்தை எழுதித் தரவேண்டிய ஆள் நான்தான். என்னவென்று எழுத?

செப்டம்பர் 6, வெள்ளி

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு வாங்கி வைத்துவிட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறொன்றை எழுதவேண்டியிருக்கிறது.

மூன்று மணிக்கு முப்பிடாதி வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "மேடம், ஒரு காலேஜ்ல கூப்பிடுதாங்க. ஆய்வேடு என்ன ஆகுதோ, இதையாவது பிடிச்சுக்கிடலாம்னு பாக்கேன். தினமும் போக வேண்டாமாம். இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் சேலை கட்டிட்டு வந்து ஸ்டாஃப் ரூம்ல உக்காந்தாப் போதுமாம். வருஷத்துக்கு ரெண்டு நாளு. மூணு வருஷத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் குடுத்துருவாங்களாம். நாளைக்கு இன்டர்வியூவுல மார்க் வரும்லா. போகட்டுமா?"

"போகாத" என்றேன். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் மேடம்? எல்லாரும் போறாங்களே. யாருக்கு நட்டம்?"

யாருக்கு நட்டம்! எதிர் மேசையில் ஞானசிகாமணி சாரின் குடை சாத்தியிருந்தது. அவர் வகுப்பில் இருந்தார்.

சரி, எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்தில் நான் அந்தக் கல்லூரிக்குப் போனது நாலு நாள். இன்ஸ்பெக்‌ஷன் நாலு தடவை வந்தது, நாலு தடவையும் போனேன். மாமாவின் காரில் போய், பட்டுச்சேலையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பிள்ளை அழுமே என்று ஓடிவந்தேன். கரும்பலகையில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. அதற்குத்தான் மூன்று வருட அனுபவச் சான்றிதழ், வருடத்துக்கு இரண்டு என்று ஆறு மதிப்பெண். நான் எடுத்தது எழுபத்தொன்று. அடுத்து இருந்தவர் அறுபத்தெட்டு. இந்த எண்களை நான் எங்கேயும் தேடவேண்டியதில்லை. 2012இல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தபோதே மனப்பாடம் ஆகிவிட்டது. காத்திருப்போர் பட்டியல், முதல் பெயர், ச. ஞானசிகாமணி.

இரண்டு வருடம் கழித்து அவர் கௌரவ விரிவுரையாளராக வந்து, "வணக்கம் மேடம், பேரு ஞானசிகாமணி" என்று சொன்ன நிமிஷமே எனக்குத் தெரியும். அதனால்தான் மேசை, அதனால்தான் பாதி அலமாரி, அதனால்தான் கத்தரிக்காய்ப் பொரியல். 'பாவம், உட்கார இடமில்லை' என்று இந்த டைரியில் எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்! அந்த மனிதரின் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டு அவருக்கு இடம் கொடுத்தேனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதையும் அவரோடு பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கூசுகிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

அலுவலகத்துக்குப் போனேன். தகவல் மனுக்களைப் பார்ப்பவர் பிரிவு அலுவலர் ஆவுடைநாயகம். என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மேடம், எல்லாருக்கும் எழுதிக் குடுத்ததே நீங்கதானே? இப்ப வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விடுதீங்களே."

"ஓணான் உள்ளதான் இருக்கு. எடுத்து வெளிய விடுதேன்."

அவருக்குப் புரியவில்லை. "ஒங்க ஒருத்தர் சம்மதத்தை வச்சு எல்லாரு விவரமும் குடுக்க முடியாது, தெரியும்லா? சம்மதிச்ச ஆளோடது மட்டுந்தான். அந்தப் பிள்ளையைப் புதுசா ஒரு மனு போடச் சொல்லுங்க. மொத்தம் ரெண்டே பேரு. நீங்க, அப்புறம் ஒங்க ரூம்ல சாப்பிடுதாரே, அவரு."

முப்பிடாதியிடம் சொன்னேன். காய்ச்சலெல்லாம் இல்லை, வேண்டுமென்றேதான் ஒளிந்துகொண்டேன் என்பதையும் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. "சரி மேடம்" என்றாள். சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தானிடம் சொன்னேன். பாதியில் எழுந்துபோய்விட்டார்.

செப்டம்பர் 25, புதன்

உறை வந்தது. முப்பிடாதி அதை என் அறையில் வைத்துத்தான் பிரித்தாள். இரண்டே தாள். மடிக்கணினியைத் திறந்து, அட்டவணையில் ஏற்ற ஆரம்பித்தாள். கல்வித் தகுதி ஏற்றினாள். வெளியீடுகள் ஏற்றினாள். அனுபவத்துக்கு வந்ததும் கை நின்றது.

"மேடம், இது 2008லேருந்து 2011ன்னு இருக்கு."

"ஆமா."

"கோமதி அப்பதானே பொறந்தா? மூணு வருஷம் வீட்டை விட்டே வெளிய வரலைன்னு நீங்க சொல்லிருக்கீங்களே. வீட்டுல பொறுப்பு இருக்க பொம்பளைக ஆய்வை எப்பிடி விடாமப் பிடிச்சுக்கிடணும்னு எனக்குச் சொல்லும்போதுல்லாம் அதைத்தான் சொல்லுவீங்க."

 அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால், 'யாருக்கு நட்டம்' என்று கேட்டாளே, அதுவும் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். 

கடைசியில் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அனுபவம்ங்கிற கட்டத்துல என்ன ஏத்தட்டும் மேடம்? மூணா?"

"பூஜ்யம் போடு."

போட்டாள். கூட்டுத்தொகை தானாக மாறி அறுபத்தைந்து என்று வந்தது. கீழே ஞானசிகாமணி சாரின் வரிசையில் அறுபத்தெட்டு. இரண்டு வரிசைதான், வரிசைப்படுத்த ஆள் தேவையில்லை.

"ஆய்வேட்டுல பேரு போட மாட்டேன் மேடம். எண்ணுதான் போடுவேன்" என்றாள். எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. "போட்டாலும் போடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

இரண்டு பேரை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. 'தரவு ஏன் கிடைப்பதில்லை' என்பதையே ஒரு இயலாக எழுதப்போகிறாளாம். யார் யார் எப்படித் தடுத்தார்கள் என்று. மேல்முறையீடு இழுப்பறையில் கிடந்ததும் வரும் என்றாள். வரட்டும் என்றேன். கிளம்பும்போது, "அந்தக் காலேஜுக்கு நான் போகல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 26, வியாழன்

ஞானசிகாமணி சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் டப்பாவைத் திறந்ததும் சொன்னேன். இன்னும் ஒரு நிமிஷம் தள்ளியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"சார், 2012ல அனுபவத்துக்கு எனக்குப் போட்ட ஆறு மார்க்கும் பொய். அந்தக் காலேஜ்ல நான் வேலையே பாக்கல. இந்த எடம் ஒங்களோடது."

டப்பாவை மூடினார். "தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

"நீங்க இன்டர்வியூவுக்கு வாரதுக்கு முன்னாலயே. அந்தக் காலேஜ்ல பொருளியல் துறை என் பொறுப்புலதான் இருந்துது. ஒங்க வருகைப் பதிவேட்டை மூணு வருஷமும் எழுதுனது நான்தான்."

 அவர் பாடம் நடத்துகிற அதே குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

"தாளாளர் சொன்னாரு. மாட்டேன்னா எனக்கு வேலை கிடையாது. தினமும் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ஒங்க இனிஷியலைப் போடுவேன். ஒரு நாளுகூட விடாம வந்தா யாரும் நம்பமாட்டாங்கள்லா? அதனால எடையில எடையில ஒங்களுக்கு லீவு லெட்டரும் நானே எழுதி வச்சேன். ஒருதடவை ஒங்களுக்கு அம்மை போட்டுட்டுன்னு எழுதிருக்கேன்."

"சார், ஒங்களை நான் அங்க பாத்ததே இல்லையே."

"இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு டைம்டேபிளை ஒங்க கையில குடுத்தது நான்தான் மேடம். நாலு தடவையும். நீங்க போன்ல பேசிக்கிட்டு இருப்பீங்க. பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சான்னு கேட்டுக்கிட்டு இருப்பீங்க. நிமிர்ந்து பாக்க மாட்டீங்க."

"ஏன் சார் இத்தனை வருஷம் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? பதிவேட்டுல இருக்கது என் கையெழுத்து. நான் எழுதுன பொய்தானே எனக்கு முன்னால போய் உக்காந்துது." மூடிய டப்பாவைத் தள்ளி வைத்தார். "நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு மூணு வருஷம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன். விட்டப்புறம்தான் ஒங்ககூட உக்காந்து நிம்மதியா சாப்பிட முடிஞ்சுது. ஜூலையில அந்தக் கடுதாசி வரவும் மறுபடி ஒரு ஆசை வந்துட்டு. நான் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா நீங்களும் அப்பிடியே குடுப்பீங்கன்னு நினைச்சேன்."

"பதிவாளருக்கு எழுதட்டுமா சார்? உள்ளதை உள்ளபடி எழுதிருதேன்."

"எனக்கு அம்பத்திமூணு வயசு. அந்த வேலை இனிமே எனக்கு வராது, ஒங்க கையை விட்டுப் போகத்தான் செய்யும். எழுதணும்னு தோணுனா எழுதுங்க. எனக்காகன்னு எழுதாதீங்க."

எழுந்தார். டப்பாவைப் பையில் வைத்தார். அலமாரியிலிருந்த அவருடைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார், என்னுடையது ஒன்று கலந்திருந்ததை மறுபடி உள்ளே வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

"நாளையில இருந்து நான் லைப்ரரி பக்கம் உக்காந்துக்கிடுதேன் மேடம். கோவம்னு நினைக்காதீங்க. நீங்க சொல்லாத வரைக்கும் நானும் தெரியாத மாதிரி இருந்துக்கிட முடிஞ்சுது. இனிமே முடியாது."

இருங்கள் சார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்ல?

செப்டம்பர் 27, வெள்ளி

பதிவாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்பதோடு நிற்கிறது.

மதியம் இரண்டு மணிவரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவர் வரவில்லை. பசிக்கவில்லை என்று எழுத நினைத்தேன். பசித்தது. சாப்பிட்டேன்.